அரண் காத்தது யாரை?

குமரிமுனையிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் சென்றால், அலைகள் வந்து அடித்தளத்தைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு கருங்கல் அரண் நிற்கக் காண்கிறோம். அதுவே வட்டக்கோட்டை. குமரியில் கதிரவன் எழும் காட்சியைக் கண்டவர்களும், விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் கண்டு திரும்பியவர்களும், பொழுது மீதமிருந்தால் இங்கும் வந்து போகிறார்கள். சுவரின்மீது ஏறிக் காற்று வாங்குகிறார்கள்; கடலைப் பார்க்கிறார்கள்; நிழற்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. கோட்டையொன்று குழந்தைகள் ஓடியாடும் முற்றமாக மாறுவது, அது அடையக்கூடிய முடிவுகளுள் நல்ல முடிவு.

ஆயினும், கற்களுக்கும் ஒரு மொழி உண்டு. அதைக் கேட்க விரும்புகிறவர்கள் ஒரு வினாவோடு அவற்றை அணுகுதல் வேண்டும். வட்டக்கோட்டையை அணுக நாம் எடுத்துக்கொள்ளும் வினா எளிமையானது: இந்த அரண் யாரைக் காத்தது? யாரைக் காக்காது விட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிப் புறப்பட்டால், நாஞ்சில் நாட்டின் வரலாற்றோடு நம் மறைமாவட்டத்தின் விசுவாச வரலாறும் பின்னிப் பிணைந்து கிடப்பதைக் காண்போம்.

பெயரும் வடிவமும்

வட்டக்கோட்டை என்ற பெயரைக் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் வட்டத்தைக் காட்டிலும் நாற்புறச் சுவரே கண்ணில் படுகிறது. ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் நிலத்தை அச்சுவர் வளைத்து நிற்கிறது. கைப்பிடிச் சுவரையும் சேர்த்து இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட உயரம். முகப்பில் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்புறத்தில் 6 அடி என அதன் கனத்தைக் கணக்கிட்டுக் கூறுவர். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று கட்டியவர்கள் எதிர்பார்த்தார்களோ, அந்தப் பக்கத்தில் கல்லை மிகுத்து வைத்திருக்கிறார்கள்.

நடுவே ஒரு குளம். முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு உணவைவிட முந்திய தேவை குடிநீர் அல்லவா? ஒருபுறம் அகன்ற சாய்தளம் ஒன்று மேல்தளத்துக்கு ஏறிச் செல்கிறது. அங்கே படிகள் வைக்காமல் சாய்தளம் அமைத்ததன் காரணம், பீரங்கிகளைச் சக்கரத்தோடு மேலே இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததே. மேல்தளத்தில் கடலை நோக்கித் திறந்திருக்கும் இடைவெளிகள், கலங்களைக் கண்காணிப்பதற்கும் தேவைப்பட்டால் சுடுவதற்கும் ஆனவை. கல்லில் மீன் வடிவங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீன் பாண்டியரின் இலச்சினை ஆதலால், இந்தக் கோட்டைக்கும் பாண்டியருக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்பர் சிலர்.

மேல்தளத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிறது. அந்த மலைக்கும் இந்தக் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளிதான் நம் கதை நிகழும் களம். மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய், கடலில் வட்டக்கோட்டை. இவ்விரண்டும் ஒரே அரண்வரிசையின் இரு முனைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் நிகழ்ச்சிகள் யாவும் ஒரு கோட்டில் அமைவதை உணரலாம்.

சுவரில்லாத கரை

கோட்டை எழுவதற்கு முன்னும் இந்தக் கரையில் மக்கள் இருந்தார்கள். பரதவரும் முக்குவரும் கடலை நம்பி வாழ்ந்தார்கள். நாஞ்சில் நாடோ வயல் வளம் மிக்க பூமி. சேரர், பாண்டியர், வேணாட்டரசர் என மாறி மாறிப் பலரும் அதன்மீது கண் வைத்தனர். நெல் விளையும் நாட்டின்மேல் படை வருவதில் வியப்பில்லை. அப்படை வரும்போது, வயலும் மதிலும் இல்லாத கடற்கரை மக்கள் எங்கே ஓடுவார்கள்?

அதற்கு விடை 1544ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புனித சவேரியார் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. மதுரை நாட்டிலிருந்து வந்த வடுகப் படைகள் குமரிக் கரையின் கிறிஸ்தவர்களைத் தாக்கின. ஓடிய மக்கள் கடலில் நின்ற பாறைகளின்மேல் தஞ்சம் புகுந்தனர். அங்கே பசியாலும் தாகத்தாலும் அவர்கள் மடிந்துகொண்டிருக்கும் செய்தி மணப்பாட்டிலிருந்த சவேரியாருக்கு எட்டியது. இருபது தோணிகளோடு அன்றிரவே புறப்பட்டார் அவர். ஆனால் காற்று எதிர்த்தது. துடுப்பு வலித்தும் முனையை எட்ட முடியவில்லை. காற்று தணியட்டும், மீண்டும் செல்வேன் என்ற உறுதியோடு திரும்ப நேர்ந்தது.

புனிதரின் வாழ்வில் இது ஒரு தோல்வியாகவே பதிவாகியிருக்கிறது. ஆயினும், நம் கரையின் வரலாற்றை அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்நாளில் ஏழைகளின் கோட்டை கடற்பாறையே. அவர்களைக் காக்கப் புறப்பட்ட படை இருபது மீன்பிடித் தோணிகளே. சுற்றுலாப் பயணிகள் குமரிக் கடலின் பாறைகளைப் பார்த்து மகிழும்போது, நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் அக்கடலில் பாறைகளின்மேல் அமர்ந்து குடிநீருக்காகக் கரையை நோக்கியிருந்த மக்களையும் ஒருகணம் நினைத்தல் தகும்.

அதே ஆண்டின் இறுதியில் சவேரியார் வேணாட்டுக் கரையில் நடந்து சென்று முக்குவ மக்கள் ஏறத்தாழப் பதினாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். கோட்டாற்றில் அவர் பெயரால் எழுந்த ஆலயம், பின்னாளில் நம் மறைமாவட்டத்தின் தாய்க்கோவிலாயிற்று.

குளச்சலில் எரிந்த அரிசி

இனி இரு நூற்றாண்டுகளைக் கடந்து வருவோம். 1729இல் வேணாட்டின் அரியணை ஏறிய மார்த்தாண்டவர்மர், சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கித் திருவிதாங்கூர் என்னும் பேரரசை உருவாக்கத் தொடங்கினார். மிளகு வாணிகம் முழுவதும் தம் பிடியில் இருக்க வேண்டும் என்று எண்ணிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. அக்கம்பெனி 1658 முதலே தூத்துக்குடியைக் கைக்கொண்டிருந்தது. இலங்கையின் கரையோரங்களும் கொச்சியும் அதன் வசம் இருந்தன. 1741இல் டச்சுப் படை குளச்சலில் இறங்கியது.

போரின் முடிவு வியப்பானது. குளச்சலில் டச்சுக்காரர் அமைத்த வளைப்புக்குள் விழுந்த குண்டொன்று வெடிமருந்தைத் தீண்டிற்று. தீ பரவி, சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்துபோயிற்று. உணவின்றி அவர்கள் சரணடைந்தனர். 1741 ஆகஸ்ட் 10ஆம் நாள் குளச்சல் வெற்றியின் நாளாகப் போற்றப்படுகிறது. ஐரோப்பிய வல்லரசொன்றை இந்திய மன்னர் ஒருவர் தோற்கடித்த அந்நிகழ்வுக்கு இன்றும் குளச்சலில் ஒரு வெற்றித்தூண் சான்று பகர்கிறது. 1753இல் மாவேலிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கையோடு டச்சுக்காரரின் கனவு முடிவுற்றது.

கரையோர மரபு இன்னொன்றையும் சொல்கிறது. முக்குவ மக்கள் துடுப்புகளைத் துப்பாக்கிகளைப்போலத் தோளில் ஏந்தி வரிசையாகக் கரையில் நின்றார்களாம். தொலைவிலிருந்த கப்பல்களுக்கு அது பெரும்படையாகத் தோன்றியதாம். வரலாற்றாசிரியர் இதை எவ்வளவு எடை போட்டாலும், மக்கள் நினைவு இதை விடாது காத்து வருவதில் ஓர் உண்மை உண்டு. மன்னனுக்குக் கரையில் கல்மதில் இல்லாத நாளில், கரையோர மக்களே மதிலாக நின்றார்கள் என்பதே அந்த உண்மை.

கைதி கட்டிய கோட்டை

குளச்சலில் பிடிபட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாக்கியுஸ் டிலனாய். 1715இல் அர்ராஸ் நகரில் பிறந்தவர். டச்சுக் கம்பெனியின் ஊழியத்தில் இருந்தபோதிலும் கத்தோலிக்கர். பகைவனைக் கொல்வதே அரசநீதி என்றிருந்த நாளில், மார்த்தாண்டவர்மர் அவரிடம் ஒரு வீரனின் அறிவைக் கண்டார். கைதி ஆசிரியனானார், ஆசிரியன் தளபதியானார். ஐரோப்பிய முறையில் படையைப் பயிற்றுவித்தார். உதயகிரியில் பீரங்கிகளை வார்த்தார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர்.

அவருடைய மேற்பார்வையில் திருவிதாங்கூரின் அரண்கள் புதுப்பிக்கப்பட்டன. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை கருங்கல்லால் எழுந்தது. கடல்முனையில் வட்டக்கோட்டை மீண்டும் கட்டப்பட்டது. பின்னர் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில் வடக்கெல்லையில் நெடுங்கோட்டை உருவாயிற்று. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது அந்த நெடுங்கோட்டையே. டிலனாய் அதைக் காண உயிரோடில்லை.

வட்டக்கோட்டைக்கு இரட்டைப் பணி இருந்தது. கடல்வழி வரும் கலங்களைக் கவனிப்பது ஒன்று. கிழக்கிலிருந்து நிலவழி வரும் படை, மலைக்கும் கடலுக்கும் இடையே நாஞ்சில் நாட்டினுள் நுழையாமல் தடுப்பது மற்றொன்று. மதுரை நாயக்கராட்சி 1736இல் முடிவுற்றபின், கிழக்கே ஆர்க்காட்டு நவாபின் அதிகாரம் வளர்ந்தது. கடலுக்கு அஞ்சியதைவிடக் கூடுதலாகத் தரைக்கே அஞ்ச வேண்டியிருந்தது.

டிலனாய் அந்த அச்சத்தின் விலையைத் தம் இல்லத்திலும் செலுத்தினார். அவர் மகன் யோவான், இருபது வயது நிரம்புமுன்னரே, 1765இல் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்த களக்காட்டுப் போரில் உயிர்நீத்தார். தந்தை 1777 ஜூன் 1ஆம் நாள் காலமானார். இருவரும் உதயகிரிக் கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். கூரையிழந்த அந்த ஆலயத்தின் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. முப்பத்தேழு ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாய் ஊழியம் செய்தவர் என்று அக்கல் சான்று சொல்கிறது.

பகைவனாக வந்தவன் காவலனாக மாறினான் என்பது அழகிய வரலாறு. ஆனால் வட்டக்கோட்டையில் எங்கும் கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை. அந்நாளைய திருவிதாங்கூரில் அரசுப் பணிகளுக்காக ஒடுக்கப்பட்ட குலத்து மக்களிடம் ஊதியமின்றி வேலை வாங்கும் ஊழிய முறை வழக்கில் இருந்தது. அடிமை முறை 1855இல்தான் அங்கே ஒழிந்தது. திட்டமிட்டவர் பெயரும் ஆணையிட்டவர் பெயரும் நிலைத்தன. சுமந்தவர் பெயர் நிலைக்கவில்லை. ஆகவே, அரண் காத்தது யாரை என்ற வினாவுக்கு முதல் விடை கிடைத்துவிட்டது: அது அரசைக் காத்தது. அரசுக்கு உழைத்தவர்களை அது காத்ததா என்பது வேறு.

எல்லையில் சிந்திய குருதி

டிலனாயின் வரலாற்றில் நம் மறைமாவட்டத்துக்கு மிக அணுக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்த நீலகண்டர், பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றி வந்தார். அவர் இல்லத்தில் இழப்புகள் தொடர்ந்தன, கால்நடைகள் மாண்டன, மனம் தளர்ந்தது. நண்பர் டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. ஒரு போர்வீரனின் வாயிலிருந்து வந்த அந்தத் துன்பக் கதை, கேட்டவரின் வாழ்வைத் திருப்பிவிட்டது.

திருமுழுக்குப் பெறுவதற்கு அவர் எங்கே சென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருவிதாங்கூரின் எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்துக்குச் சென்றார். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் 1745 மே 14ஆம் நாள் அவருக்குத் தேவசகாயம் என்ற பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். விவிலியத்தின் இலாசர் என்ற பெயரின் தமிழாக்கமே அது. அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். படைகளைத் தடுக்க எழுப்பிய அரண்வரிசை, மனம் மாறிய ஒரு மனிதரின் நடையைத் தடுக்கவில்லை.

1749 பிப்ரவரி 23ஆம் நாள் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கித் தாம் இறைவனின் அடியவராக நின்று ஆளத் தொடங்கினார். அந்தக் காலச் சூழலில்தான் தேவசகாயத்தின் பாடுகளையும் பார்க்க வேண்டும். அவர் தண்டிக்கப்பட்டதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விசுவாசமே காரணம் எனத் திருச்சபை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. எருமைமேல் ஏற்றி ஊர்தோறும் கொண்டு செல்லப்பட்டார், அடியுண்டார், அவமதிக்கப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது பாறையிலிருந்து அவருக்கு நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. அந்தப் பாறைக்கு அருகிலேயே உதயகிரிக் கோட்டை நிற்கிறது. நண்பரின் பீரங்கிகள் வார்க்கப்பட்ட இடத்தின் பக்கத்தில்தான் கைதி தாகத்தோடு தவித்தார்.

இறுதியில் அவர் எல்லைக்கே கொண்டு வரப்பட்டார். ஆரல்வாய்மொழியில் நீண்டநாள் வைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எஞ்சிய எலும்புகளை விசுவாசிகள் திரட்டிக் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

மலைமுனையில் காற்றாடிமலை, கடல்முனையில் வட்டக்கோட்டை. ஒரே மன்னரின் ஆட்சியில், ஒரே எல்லைக்கோட்டில், ஒரு முனையில் டிலனாய் அரண் கட்டினார். மறுமுனையில் அவர் நண்பர் மண்ணில் வீழ்ந்தார். நாட்டைக் காக்கும் கலையில் வல்லவரான தளபதியின் நட்பும், நண்பரின் உயிரைக் காத்துத் தரவில்லை. கல்லும் பீரங்கியும் காக்கக்கூடியவை சில உண்டு. மனச்சான்றோடு நிற்கும் தனிமனிதன் அச்சிலவற்றுள் அடங்குவதில்லை.

மலையிலிருந்து வந்த வீழ்ச்சி

எவ்வளவு உறுதியான அரணுக்கும் ஒரு நாள் வருகிறது. 1805 உடன்படிக்கைக்குப்பின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூரின் காவலன் என்ற பெயரில் கப்பம் கேட்டு நெருக்கியது. நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த தளவாய் வேலுத்தம்பி, 1809 ஜனவரியில் குண்டறையில் நின்று மக்களைப் போருக்கு அழைத்தார். கம்பெனிப் படை திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி அரண்வரிசையின்முன் வந்து நின்றது.

பிப்ரவரி 10ஆம் நாள் அந்த வரிசை விழுந்தது. கணவாயின் வாயில்மேல் நேரே மோதாமல், ஒரு பிரிவினர் இரவோடிரவாக மலைச்சரிவில் ஏறி, உயரத்திலிருந்து காவலரைத் தாக்கினார்கள். மலைமுனை விழுந்தபின் கடல்முனையில் எவ்வளவு கனத்த சுவர் இருந்தும் பயனில்லை. நாஞ்சில் நாடு திறந்து கிடந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அம்மாதத்திலேயே பணிந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்துறந்தார்.

வட்டக்கோட்டை எதிர்பார்த்திருந்த திசை வேறு; வீழ்ச்சி வந்த திசை வேறு. தங்கள் அச்சம் எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ அந்தப் பக்கத்தில் முன்னோர் இருபத்தொன்பது அடிச் சுவர் வைத்தார்கள். தனிமனித வாழ்விலும் சமூக வாழ்விலும் நாம் செய்வதும் பெரும்பாலும் இதுவே. புறப்பகைக்கு மதில் எழுப்புகிறோம். அகத்தே திறந்து கிடக்கும் கணவாயை மறந்துவிடுகிறோம்.

நமக்குள் எழுந்த சுவர்

இந்த உண்மைக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்துக்கே திரும்பிச் செல்வோம்.

எல்லை தாண்டி வந்த அம்மனிதரை வரவேற்ற அந்தப் பங்கில், 19ஆம் நூற்றாண்டில் ஆலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் நின்றது. ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்கள். நடுவே சாதியைப் பிரிக்கும் தடுப்பு. வெள்ளாளர் ஒருபுறமும் நாடார் முதலியோர் மறுபுறமும் நின்று ஒரே திருப்பலியைக் கண்டார்கள். அன்றைய குருக்கள் அச்சுவரை 1910இல் இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆலயத்துக்குள் சாதிக்கெனத் தனியிடம் உண்டு என்ற கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

வட்டக்கோட்டையின் சுவர் 29 அடிக் கனம். வடக்கன்குளத்துச் சுவர் அதில் சிறு பங்குகூட இராது. ஆனால் எந்தச் சுவர் கடக்க அரியது? முன்னதைப் படைகள் மலைவழியே ஓரிரவில் சுற்றிக் கடந்தன. பின்னதை, ஒரே அப்பத்தில் பங்குபெற்ற உடன்பிறப்புகள் தலைமுறைகளாகக் கடக்கவில்லை. எபேசியருக்கு எழுதிய திருமடலில், பகைமை என்னும் தடுப்புச் சுவரைத் தம் உடலால் தகர்த்தவராகப் பவுலடியார் கிறிஸ்துவைக் காட்டுகிறார். அந்தக் கிறிஸ்துவின் பீடத்தின் முன்னேயே நாம் சுவர் எழுப்பினோம் என்பதை மறைத்துவிட்டு மறைசாட்சியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

தேவசகாயம் 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. அதற்கு முன்பாக அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் அதிகாரமுறையில் நீக்கப்பட்டது. எல்லா மனிதரும் சமம் என்று நம்பி, தாழ்த்தப்பட்டோரோடு உறவாடியவர் அவர். அவர் உடலைச் சுட்டவர்கள் 1752இல் ஓய்ந்தார்கள். அவர் பெயரைச் சாதியின் எல்லைக்குள் அடைத்து வைப்பதை நிறுத்துவதற்கு நமக்கு மேலும் இருநூற்றறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

நகர்ந்த எல்லைகள்

எல்லைகளுக்கு ஆயுள் குறைவு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. கிழக்கத்திய படையைத் தடுக்க எழுந்த கோட்டை, அதே கிழக்கோடு ஒன்றாகிவிட்ட நாட்டின் நடுவில் நிற்கலாயிற்று. யாரைத் தடுக்கக் கட்டினார்களோ அவர்களே விருந்தினராக வந்து இன்று அதன் நிழலில் அமர்கிறார்கள்.

திருச்சபையின் எல்லைகளும் அரசின் எல்லைகளை ஒட்டியே வரையப்பட்டன. கொல்லத்திலிருந்து பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டம் 1930 மே 26ஆம் நாள் உருவாக்கப்பட்டது. 2014இல் அதிலிருந்து குழித்துறை மறைமாவட்டம் பிறந்தது. வடக்கன்குளமோ தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு உரியது. பழைய திருவிதாங்கூர் எல்லை வரைபடத்தில் மறைந்தபின்னும் மறைமாவட்டங்களின் எல்லையாகத் தொடர்கிறது. ஆயினும் திருமுழுக்குத் தொட்டி ஒரு மறைமாவட்டத்திலும் கல்லறை மற்றொன்றிலும் இருக்கும் ஒரு புனிதரை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார். எல்லைகள் நிர்வாகத்துக்கு உதவும். அருளுக்கு அவை தடையல்ல என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

கடற்கரை மக்களின் நிலை என்ன? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட துயரை நாம் அறிவோம். மணக்குடிப் பாலமே பெயர்ந்து போயிற்று. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் ஆழ்கடலுக்குச் சென்ற எத்தனையோ மீனவரைத் திருப்பித் தரவில்லை. 1544இல் பாறைமேல் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் சுவரில்லாத கரையிலேயே வாழ்கிறார்கள். அன்றும் இன்றும் அவர்களைக் காக்க முதலில் புறப்பட்டவை அக்கம்பக்கத்துப் படகுகளே. ஒக்கி நாள்களில் காணாமற்போனவர்களைத் தேடி மீனவர்களே கடலுக்குள் சென்றார்கள். சவேரியாரின் இருபது தோணிகள் இன்னும் கரைக்குத் திரும்பவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அரண் காத்தது யாரை? சில காலம் ஓர் அரசைக் காத்தது. பின்னர் அதையும் காக்கவில்லை. கரையோர மக்களைக் காத்தது ஒருவருக்கொருவர் நீட்டிய கை. தேவசகாயத்தின் நினைவைக் காத்தது, காட்டில் எலும்பு பொறுக்கச் சென்ற பெயர் தெரியாத சிலரின் துணிவு.

வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அதன் கற்களைப் பேணுவது நம் எல்லோருடைய கடமை. அதன்மேல் பெயர் கிறுக்குவதும் குப்பை போடுவதும் முன்னோரை இகழ்வதாகும். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பங்கு இளைஞர்களைக் கூட்டிச் செல்லும் அருள்பணியாளர்களும் கடலைக் காட்டுவதோடு நில்லாமல், பின்னே திரும்பி மலையையும் காட்ட வேண்டும். அங்கே ஆரல்வாய்மொழியின் திசையைச் சுட்டி, காற்றாடிமலையின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கப்பால் வடக்கன்குளத்தின் கதையையும் தயங்காது சொல்ல வேண்டும். அரசர் கட்டிய சுவர் பார்வையாளர்களுக்குத் திறந்து கிடக்கிறது. நாம் கட்டிய சுவர்கள் திறக்கும் நாள் நம் கையில் இருக்கிறது.